ஒரே ஒரு கிளவுஸ் வேணும் தாத்தா!

32 வருஷம் கையுறை போட்டுப் பிழைத்தவன் நான். கல்பாக்கத்தில் ஆய்வுக்கூட டெக்னீஷியன் வேலை. முன்பக்கம் கண்ணாடி வைத்த பெரிய பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே கதிரியக்கப் பொருள். நாம் வெளியே நின்றுகொண்டு, பெட்டியோடு பொருத்திய நீளமான ரப்பர் கையுறைக்குள் தோள் வரை கையை விட்டு வேலை செய்ய வேண்டும். பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்திருப்பார்கள். அதனால் யாரும் கை விடாத நேரத்திலும் அந்தக் கையுறைகள் உள்பக்கமாக உப்பி நிற்கும். யாரோ இரண்டு கையையும் நீட்டி எதையோ கேட்கிற மாதிரி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் நாள் அதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு. நானும் பயந்தேன்.

ஊசிமுனை அளவு ஓட்டை என்றாலும் வேலை நிற்கும். ஆகவே தினமும் காலையில் கையுறையைப் பார்ப்பதுதான் முதல் வேலை. எந்த விரல் தேய்கிறது, எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே ரப்பர் வெளுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு கையுறையை வைத்தே அதைப் போடுகிறவர் எப்படி வேலை செய்கிறார் என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். 2018-ல் ரிட்டயர் ஆனேன். நகரியத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பலரையும் போலப் பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இனிமேல் வாழ்க்கையில் கையுறைக்கு வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பேத்தி சென்னையிலிருந்து போன் பண்ணினாள்.

“தாத்தா, எனக்கு ஒரே ஒரு கிளவுஸ் வேணும்.”

“ஒண்ணா? இன்னொரு கை என்னம்மா பண்ணும்?”

“ஒரு கைக்குத்தான் தாத்தா போடுவாங்க. கோல்ஃப் கிளவுஸ்.”

கோல்ஃப் என்றதும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் மாப்பிள்ளை. சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் போய், ஆட்டக்காரர்கள் வருவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். லீவு நாட்களில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவார். அவள் ஓரமாக நின்று பந்து பொறுக்குவாள். அங்கே பயிற்சி கொடுக்கிற ஒருவர், ஊழியர்களின் பிள்ளைகளும் ஆட்டம் இல்லாத நேரத்தில் அடித்துப் பார்க்கட்டும் என்று பெரிய மனது பண்ணினார். அப்படி ஆரம்பித்தது.

இந்த ஆட்டத்தில் பந்து பொறுக்கியும் பை தூக்கியும் மேலே வந்தவர்கள் உண்டு. பெங்களூரு முனியப்பா பை தூக்குகிறவராக இருந்து ஆட்டக்காரர் ஆனவர். 2009-ல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தார். இதை மாப்பிள்ளை எனக்கு ஒரு பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பேத்திக்கு அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்த பெண். அந்தப் போட்டியில் அதிதிக்குப் பை தூக்கியது அவருடைய அம்மாதான் என்று பேத்தி சொல்வாள். சொல்லிவிட்டு அவள் அம்மாவை, அதாவது என் மகளை, ஓரக்கண்ணால் பார்ப்பாள். என் மகள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். வேளச்சேரியில் வாடகை வீடு, ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள். “இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டுப்பா. நாளைக்கு நம்மால முடியாதுன்னு நிறுத்தினா அவ மனசு உடைஞ்சிடும். அதுக்கு இப்பவே வேண்டாம்னு சொல்லிடலாம்” என்பாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மட்டையெல்லாம் யாரோ ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பழசு. பந்து பொறுக்கியது. காலுக்குப் பள்ளிக்கூட ஷூ. கையுறை மட்டும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதுவும் தேயத் தேய வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியது.

“சரி, கிளவுஸ் தாத்தா பொறுப்பு” என்றேன். பென்ஷன் வாங்குகிற திமிர். கூடவே ஒரு கர்வம். கையுறையைப் பற்றி எனக்குத் தெரியாததா?

ஒன்றுமே தெரியவில்லை என்பது முதல் பார்சலிலேயே தெரிந்தது.

பேத்திக்கு இடது கைப் பழக்கம். சோறு மட்டும் எங்கள் வீட்டுக்காரி மிரட்டி மிரட்டி வலது கைக்கு மாற்றிவிட்டாள். எழுதுவது, எறிவது, அடிப்பது எல்லாம் இடதுதான். ஆகவே இணையக் கடையில் தேடி, ‘எல்.ஹெச்.’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, இடது கை, சரியாகப் போச்சு என்று ஆர்டர் போட்டேன். 1,150 ரூபாய். முழுத் தோல். வெள்ளை வெளேரென்று வந்தது. நானே பிரித்து, தடவிப் பார்த்து, மாப்பிள்ளை வந்தபோது கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் போன். “தாத்தா... இது தப்பான கை.”

விஷயம் இதுதான். வலது கை ஆட்டக்காரர் கையுறையை இடது கையில் போடுவார். மட்டையின் மேல் நுனியைப் பிடிப்பது அந்தக் கைதான். வீசும்போது இழுவை விழுவதும் அதில்தான். இடது கை ஆட்டக்காரருக்கு அப்படியே தலைகீழ். வலது கையில் போட வேண்டும். அட்டையில் ‘எல்.ஹெச்.’ என்று இருந்தால் அது இடது கையில் மாட்டுகிற கையுறை, அதாவது வலது கைக்காரருக்கானது. ஆளைக் குறிக்கவில்லை, கையைக் குறிக்கிறது. உலகத்தில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள் என்பதால் கடைகளில் குவிந்து கிடப்பதும் அதுதான். பிரித்துப் போட்டுப் பார்த்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். 1,150 ரூபாய் அலமாரியில் இன்றைக்கும் வெள்ளையாக இருக்கிறது.

(ஃபில் மிக்கல்சன் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர். மற்ற எல்லா வேலைக்கும் அவருக்கு வலது கைதான். சின்ன வயதில் அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்துக் கற்றுக்கொண்டதால் கோல்ஃப் மட்டும் இடது கையாக வந்துவிட்டது. அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தவர் எத்தனை தடவை ஏமாந்தாரோ.)

இரண்டாவது தடவை உஷாராக வலது கைக்கே வாங்கினேன். ஆனால் போன நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன் என்று இருப்பதிலேயே மலிவான செயற்கைத் தோல். இரண்டு சேர்த்து 600 ரூபாய். அளவையும் குத்துமதிப்பாக, வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று போட்டேன். தீபாவளிக்குச் சட்டை எடுக்கிற புத்தி. அது மே மாதம். சென்னையின் மே மாதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வியர்வை நின்று கையுறை ஒரு பக்கம் வழுக்க, கை இன்னொரு பக்கம் வழுக்க, உள்ளங்கையில் தோல் சுருண்டு மடிப்பு விழுந்து, மோதிர விரல் அடியில் ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம். மகள் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். அவள் நகரியத்துப் பெண்களுக்கு 20 வருஷம் ஜாக்கெட் தைத்தவள்.

“ஏங்க, அளவெடுக்காம ஜாக்கெட் தைப்பாங்களா? கை என்ன கோணிப்பையா, எதையாவது மாட்டிவிட?”

லீவுக்குப் பேத்தி வந்தபோது இஞ்ச் டேப்போடு உட்கார்ந்தாள். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி ஒரு அளவு. நடுவிரலின் நுனியிலிருந்து அடிக்கோடு வரை ஒரு அளவு. இரண்டுக்கும் இரண்டு நூல் வெட்டி, என் நோட்டில் ஒட்டி வைத்தாள். கையுறைக் கம்பெனிகள் கொடுக்கிற அளவு அட்டவணையிலும் கேட்பது இந்த இரண்டைத்தான் என்று அப்புறம் பார்த்தேன். சுற்றளவு ஒரு அளவிலும் நீளம் வேறு அளவிலும் வருகிறவர்கள் உண்டு. உள்ளங்கை அகலம், விரல் குட்டை என்றால் அதற்கென்றே ‘கேடட்’ என்று தனியாக அளவு இருக்கிறது. பெயரைப் பார்த்து சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். குட்டை விரல்காரர்களுக்கானது.

அந்த நூலை எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த பையனுக்கு 25 வயதுகூட இருக்காது. ஆனால் தொழில் தெரிந்தவன். இடது கைக்காரர்களுக்கு இரண்டே அளவுதான் கைவசம் இருந்தது. ஒன்று பொருந்தியது. பேத்திக்குப் போட்டுவிட்டு அவன் செய்த சோதனைகளை நான் மனதில் எழுதிக்கொண்டேன்.

விரல் நுனியைக் கிள்ளினான். சதை அகப்பட்டது, வெறும் தோல் அகப்படவில்லை. “நுனியில அரிசி அளவுகூட காலி இருக்கக் கூடாது சார்.” கையை மடக்கச் சொல்லி உள்ளங்கையைத் தடவினான், சுருக்கம் இல்லை. மணிக்கட்டில் ஒட்டும் பட்டை முழுவதும் போய் ஒட்டவில்லை, முக்கால்வாசியில் நின்றது. நான் குறை சொன்னேன். “அப்படித்தான் சார் இருக்கணும். தோலு போகப் போக இளகும். இன்னிக்கே கடைசி வரைக்கும் ஒட்டிச்சுன்னா அடுத்த வாரம் தொளதொளன்னு ஆயிடும்.” எங்கள் வீட்டுக்காரி ஜாக்கெட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பது மாதிரி, இங்கே வெளியே பட்டையில் விடுகிறார்கள்.

முழுத் தோல் கையுறையை அவன் என் கையில் கொடுத்தபோது அதன் கனத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். அரை மில்லிமீட்டர் இருக்கும். ஊதினால் நகர்கிறது. “இது என்ன தோல் தம்பி?” என்றேன். “கேப்ரெட்டா சார். செம்மறி ஆடு. கம்பளி ஆடு இல்ல, முடி ஆடு.”

எனக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எங்கள் சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா செம்மறி மேய்த்தவர். எங்கள் பக்கத்துச் செம்மறி சிவப்பாக இருக்கும், உடம்பில் கம்பளி இருக்காது, ஆட்டு முடி மாதிரி குட்டை முடிதான். அதற்கு ‘மெட்ராஸ் ரெட்’ என்று பெயர் இருப்பதும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம்தான் அதன் பூர்வீகம் என்பதும், காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதை வைத்து ஆராய்ச்சி பண்ணுவதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். சேலம் பக்கத்து மேச்சேரி ஆடும் இதே மாதிரி முடி ஆடுதான். தோலுக்கே பேர் போனது. கம்பளி ஆட்டுத் தோலில் முடி அடர்ந்து வளர்வதால் தோல் தளர்ந்துபோகிறதாம். முடி ஆட்டுத் தோல் நெருக்கமானது. அதனால்தான் இவ்வளவு மெல்லிசாகச் சீவினாலும் கிழியாமல் நிற்கிறது.

அப்பாவுக்கு இந்தக் காரணம் ஒன்றும் தெரியாது. கறிக்கு ஒரு விலை, தோலுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். தோல்காரர் சைக்கிளில் வருவார். உப்புத் தடவி மடித்த தோலைத் தூக்கிப் பார்த்து, முள் கீறல் இருக்கா, உண்ணி கடித்த புள்ளி இருக்கா என்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பார். அது பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் போகும் என்பார்கள். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதானே. என்னை ஐ.டி.ஐ.யில் சேர்க்க அப்பா ஒரே நாளில் 11 ஆடு விற்றார். அதற்குப் பிறகு பட்டி பழைய அளவுக்கு வரவே இல்லை.

இந்தக் கையுறை ஆடு எந்த ஊர் ஆடோ, நமக்குத் தெரியாது. ஆனால் வாங்கினேன். 1,200 ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, நான் வாங்கியது கையுறையையா, பழைய ஞாபகத்தையா என்று.

ஏனென்றால் 16-வது ஆட்டத்தில் அது கிழிந்துவிட்டது.

இங்கே என் தப்பும் உண்டு. நடுவில் ஒரு தடவை பேத்தி இங்கே வந்தபோது, அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் எடுத்தால் அப்பளம். தோலைப் பதப்படுத்தும்போது மென்மைக்காக எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். சோப்பு அதை எடுத்துவிடுகிறது, வெயில் மிச்சத்தை முடிக்கிறது. 32 வருஷ அனுபவம் எல்லாம் ரப்பரோடு. தோல் வேறு சாதி.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நோட்டுப் போட்டேன். என்றைக்குப் போட்டாள், எத்தனை நாள் வந்தது, எங்கே தேய்ந்தது. பழையதை எறியக் கூடாது, மாப்பிள்ளையிடம் எனக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பேத்தியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவளும் ஒவ்வொன்றையும் பழைய உறையிலேயே போட்டு, மேலே தேதி எழுதி அனுப்புவாள். என்னுடைய ஆய்வுக்கூடம் மறுபடி திறந்த மாதிரி இருந்தது.

நோட்டுச் சொன்ன கணக்கு இது. முழுத் தோல் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் 16 ஆட்டம். ஆட்டத்துக்கு 75 ரூபாய். அதே தோலில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் சேர்ந்து 46 வந்தது. ஆட்டத்துக்கு 52 ரூபாய்தான். ஒன்று முழுசாகக் காய்வதற்கு நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். சரியான அளவில் 550 ரூபாய்க்கு வாங்கிய செயற்கைத் தோல் 30 ஆட்டம் வந்தது, 18 ரூபாய். நான் முதலில் திட்டித் தீர்த்த செயற்கைத் தோலில் தப்பில்லை, என் அளவில்தான் தப்பு. ஆனாலும் வியர்வை நாளில் பிடி அந்த அளவுக்கு வராது என்று பேத்தி சொல்லிவிட்டாள். கடைசியில் நிலைத்தது நடுத்தரம்: உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் நிஜத் தோல், முதுகில் காற்றுப் போகிற செயற்கைத் துணி. 750 ரூபாய், 27 ஆட்டம். பழக்கத்துக்கு இது. போட்டிக்கு மட்டும் ஒரு முழுத் தோல், உறையோடு தனியாக. என்னைக் கேட்டால் ஆரம்பிக்கிறவர்கள் நேராக இந்த நடுத்தரத்துக்கே போய்விடலாம். நான் 3,000 ரூபாய் செலவழித்துக் கண்டுபிடித்ததை நீங்கள் ஓசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்தில் பாதி வேலையைச் செய்வது ஆட்டம் அல்ல, பின் பாக்கெட். பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும்போது பெரும்பாலோர் கையுறையைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிச் சுருட்டிப் பாக்கெட்டில் செருகுவார்கள். வியர்வையோடு சுருண்ட தோல், அந்தச் சுருக்கத்திலேயே உப்புப் பூத்துக் காய்ந்துவிடும். எங்கள் புதுப்பட்டினத்துக் காற்றில் ஒரு வாரம் கேட் பூட்டைத் திறக்காமல் விட்டால் சாவி திரும்பாது. உப்பு என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? கையில் போட்டது மாதிரியே விரல்களை நீட்டித் தட்டையாக்கி, நிழலில் காற்றாட வைத்து, காய்ந்த பிறகு உறையில் போடு என்று பழக்கினேன். மாப்பிள்ளையின் பைக் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. மழை நாளில் தோலை எடுக்கவே வேண்டாம், நனைந்தாலும் பிடிக்கிற துணிக் கையுறை தனியாக இருக்கிறது. அதை மட்டும் ஜோடியாக விற்கிறார்கள்.

கிழிந்த இடமும் பேசும். உள்ளங்கையின் அடிப்பாகத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் மட்டை கைக்குள் நழுவுகிறது என்று அர்த்தம். கையுறை பெரிதாக இருக்கலாம், பிடியே தளர்வாக இருக்கலாம். ஒரு தடவை அப்படி வந்தது. போனில் சொன்னேன். பேத்தி அவளுடைய பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறாள். அவர் பிடியைத் திருத்திவிட்டு, “யாரும்மா உங்க தாத்தா, கோல்ஃப் ஆடுவாரா?” என்றாராம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. எங்கள் வீட்டுக்காரியிடம் மூன்று தடவை சொன்னேன்.

போன வருஷம் ஆடி மாதத்துக்குப் பிறகு பழைய கையுறைகள் வருவது நின்றுவிட்டது.

“எங்கேம்மா பழசு?”

“இன்னும் நல்லா இருக்கு தாத்தா. நீங்க சொன்ன மாதிரியே வெச்சுக்கிறேன்ல.”

புதுசு வாங்கட்டுமா என்றால், “போதும் தாத்தா, இருக்கு” என்பாள். நோட்டுக் கணக்குப்படி 27-ல் போயிருக்க வேண்டியது 40-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் வளர்த்த பழக்கத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். கிழவனுக்கு எவ்வளவு எளிதாகத் தன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது பாருங்கள்.

அதற்கு நடுவில் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு போட்டி. அதில் நன்றாக அடித்தால் அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பேத்தி கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தாள். போனில் அழவில்லை. “சரியா வரல தாத்தா” என்றாள், அவ்வளவுதான். மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: “ஒன்பதாம் வகுப்பு வருதுப்பா. இதோட நிறுத்திக்கலாம்.” அரைகுறையாக இருந்தால் நானும் வாதாடியிருப்பேன். கடைசிக்கு முந்தின இடத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

பொங்கலுக்கு எல்லோரும் வந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் எல்லோரும் படுத்திருக்க, கூடத்தில் கிடந்த பேத்தியின் பையை நகர்த்தினேன். பக்கவாட்டு ஜிப் திறந்திருந்தது. உள்ளே உறை. உறைக்குள் கையுறை.

பழக்க தோஷம், எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். உள்ளங்கையில் தேய்மானம் பெரிதாக இல்லை. ஆனால் நான்கு விரல் நுனியும் போயிருந்தது. ஒவ்வொரு நுனியிலும் உள்பக்கமாக வெள்ளை பேன்டேஜ் ஒட்டித் தைத்திருந்தது. கட்டைவிரல் மடியில் தையல் விட்டிருந்தது. மணிக்கட்டுப் பட்டை ஒட்டுகிற இடம் வரை எட்டவே எட்டாமல், ஓரத்தில் ஒரு விரலகலத்தில்தான் பிடித்திருக்கிற அடையாளம். தோல் நழுவித் தேய்ந்த கையுறை இல்லை இது. உள்ளே இருந்த கை வளர்ந்து முட்டிக் கிழித்தது.

நோட்டை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தவளின் வலது கையில், எழுப்பாமல், பழைய நூலை வைத்துப் பார்த்தேன். நடுவிரலுக்கு அரை அங்குலத்துக்குப் பக்கமாகக் குறைந்தது. நூல் விரலின் பாதி நகத்துக்குக்கூட வரவில்லை.

விழித்துக்கொண்டாள். என் கையில் கையுறையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டா போட்டியில ஆடினே?”

தலையாட்டினாள். முழுத் தோலையும் அளவு போதாமல் செப்டம்பரிலேயே கிழித்திருக்கிறாள்.

“ஏன்மா சொல்லல?”

“தாத்தா கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொல்லியும் மாத்தாம இருக்காரு, நீ மாசா மாசம் கிளவுஸ் கேட்டுக்கிட்டிருக்கேன்னு அம்மா சொன்னாங்க.”

கதவருகில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை. இடது, வலது எழுத்தையே சரியாகப் படிக்காத கண்ணாடிதான் அது. மகள் வந்து கையுறையை வாங்கினாள். பேன்டேஜ் வைத்துத் தைத்த தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்னச் சின்னதாக, ஒரே அளவில் விழுந்த தையல். அவள் அம்மா கையில் கற்றுக்கொண்டு பேத்திக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். நுனிவரை போகாமல் நின்றது.

“வலிக்கலையாடி?” என்று மட்டும் கேட்டாள்.

“கையை முழுசா மூட முடியாதும்மா. மட்டை திரும்பிடும்.”

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரி இஞ்ச் டேப்பை எடுத்தாள். புது நூல் இரண்டு வெட்டி, நோட்டில் பழசுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். மகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். நிறுத்தலாம், தொடரலாம் என்று யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் கிளம்பிப் போய்விட்டார்கள். மகள் பஸ் ஏறும்போது, “முதல்ல கண்ணாடிக்கடைக்குப் போங்க” என்று என்னிடம் ஒரு கவரைத் திணித்தாள். மாப்பிள்ளை எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடி மாற்றினேன். 2,400 ரூபாய். இரண்டு தோல் கையுறை விலை என்றுதான் மனசு உடனே கணக்குப் போட்டது.

பத்து நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் மகளிடமிருந்து ஒரு படம். ஒரு கையுறை அட்டையின் படம். உள்ளங்கை தோல், முதுகு துணி. நான் சொன்ன அதே நடுத்தரம். கீழே எழுதியிருந்தாள்:

‘அப்பா, இது வலது கைதானே? அவளுக்கு வலதுதானே போடணும்? ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா பாத்துச் சொல்லுங்க.’

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். ‘ஆர்.ஹெச்.’ என்று தெளிவாகவே இருந்தது. இருந்தாலும் எங்கள் வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பதில் போட்டேன்.

‘சரிதான்மா. போடு. ஆனா அந்த நூலை இன்னொரு தரம் வெச்சுப் பாத்துட்டுப் போடு. பத்து நாள் ஆச்சு.’